ஆமைப் படமும் கிணற்று நீச்சலும்

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. மொய் எழுதிவிட்டுத் திரும்பினால் அக்கா மகன் வழிமறிக்கிறான். "மாமா, அந்தமான்ல எடுத்தீங்களே ஆமைப் படம், அது என்ன கேமரா?" அன்றைக்கு இதே கேள்வியைக் கேட்ட நான்காவது ஆள் அவன். மச்சினனிடம் இரவல் வாங்கிய பழைய கோப்ரோ என்றேன். நம்பவில்லை. ஏதோ லட்ச ரூபாய்ச் சாமானை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் போனது நீல் தீவு. 2018லேயே ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் படகுக்காரர் முதல் இளநீர்க்காரர் வரை எல்லோருக்கும் அது நீல்தான். முதல் நாள் ஸ்நார்க்கெலிங் பேக்கேஜில் இறங்கினோம், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பது. "ஃபோட்டோ, வீடியோ ஃப்ரீ சார்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுத்து, மாட்டைப் பிடித்துப் போவதுபோல இழுத்துக்கொண்டு போனார் கைடு. பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டார், மீன்கள் மொய்த்தன, க்ளிக். அப்புறம் முங்கிப் போய் ஒரு கடல் அட்டையை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். மறுபடி க்ளிக்.

கடல் அட்டை நமக்குத் தெரியாத உயிர் இல்லை. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறோம். 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. ரொம்பப் பயந்துபோனால் சில வகை அட்டைகள் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பல்லைக் காட்டும் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வீட்டில் கேட்டால்கூடக் காட்டுவதில்லை.

கைடை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை. இருபது நிமிஷத்தில் ஆளுக்குப் பத்துப் படம் தேற்றிக் கொடுக்க வேண்டும் என்றால், மீன் தானாக வரும்வரை அவர் எப்படிக் காத்திருப்பார்? பிடித்துத்தான் கொண்டுவருவார். அந்த இலவசப் படம்தான் கெடுக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் கூடினால் ஒழிய இது மாறாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பவளப்பாறை மேல் நிற்பது. எங்களோடு வந்த ஒருவர் கால் ஓய்ந்துபோய் ஒரு பாறையில் ஏறி நின்றார். கைடு கத்தியதும், "பாறைதானே தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நமக்குத் தெரிந்த பவளம் தனுஷ்கோடியில் 1964 புயலில் போன சர்ச்சின் சுவரில் இருப்பது. சின்ன வயதில் சுற்றுலா போன நாம் எல்லோரும் அந்தச் சுவரைத் தடவியிருக்கிறோம். கட்டடம் கட்டுகிற கல் என்றே மனதில் பதிந்துவிட்டது. தண்ணீருக்குள் இருப்பது உயிர், உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது என்று யார் நமக்குச் சொன்னார்கள்?

மறுநாள் வேறொரு கைடைப் பிடித்தேன். படம் வேண்டாம், தீனி வேண்டாம், கூட மட்டும் வாருங்கள் என்றதும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

நான் நீச்சல் பழகியது வாடிப்பட்டிப் பக்கம் தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். கிணற்று நீச்சல் என்றாலே சத்தம். குதிப்பது, அடிப்பது, அடுத்தவன் காலைப் பிடித்து இழுப்பது. கடலிலும் அதையே செய்தேன், அரை மணி நேரத்துக்கு ஒரு மீன்கூடக் கிட்ட வரவில்லை. கைடு ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைக் கீழே தட்டிக் காட்டினார். அடங்கு என்று அர்த்தம். குப்புறப் படுத்து, கையை உடம்போடு ஒட்டி, காலை லேசாக மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நெமோ மீன் அதன் வீடான கடல் சாமந்தி என்கிற பூப்போன்ற உயிரிலிருந்து வெளியே வந்து என்னை எட்டிப்பார்த்தது. கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அசல் முறுக்குக் கடிக்கிற சத்தம்! தின்ற பவளத்தை அது மணலாகத்தான் வெளியே விடும். நாம் செல்ஃபி எடுக்கிற வெள்ளைக் கடற்கரையில் அதன் பங்கும் உண்டு.

கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த பேராமையை அப்புறம்தான் பார்த்தேன். மூன்று பேர் கேமராவை நீட்டிக்கொண்டு அதைத் துரத்தினார்கள். துரத்தியவர்களுக்கு அதன் பின்பக்கம்தான் கிடைத்திருக்கும். ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். அதன் தலைக்கு மேலே போய் நாம் மிதந்தால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதற்குச் சமம். அவர்கள் போனதும் பக்கவாட்டில் தள்ளிக் கிடந்தேன். மேய்ந்து முடித்து, தானாக எழும்பி, என் கண்மட்டத்தைக் கடந்து மேலே போனது. ஐந்து தடவை அமுக்கினேன், ஒன்று தேறியது. அக்கா மகன் கேட்ட படம் அதுதான்.

கேமரா விஷயமே பேசாமல் போனால் அக்கா மகன் கோபிப்பான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மீன் சாம்பலாகத் தெரியும். அதனால் ஆழமில்லாத இடம், உச்சிப்பொழுதை ஒட்டிய வெயில், வெயில் நம் முதுகுப் பக்கம். ஃபிளாஷ் போடக் கூடாது. கொடைக்கானல் மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் ஹைபீம் போட்ட கதைதான், மிதக்கிற தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும். ஜூமும் உதவாது, இடையில் இருக்கிற அவ்வளவு தண்ணீரும் படத்தில் விழும். தண்ணீர் புகாத பையில் போட்ட போனின் தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது, வால்யூம் பட்டனில்தான் எடுக்க வேண்டும். வாட்டர்ப்ரூஃப் போன்தானே என்று பை இல்லாமல் இறங்காதீர்கள், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. கோப்ரோவையும் வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் ஊறப்போட்டுவிடுங்கள்.

"ரெண்டு நாள் லீவு, இவ்வளவு செலவு, படம் இல்லாம வரவா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடங்கிக் கிடக்கப் பழகிவிட்டுப் போனால் படம் இன்னும் நன்றாக வருகிறது என்கிறேன். அதைப் பழக அந்தமான் வேண்டாம், கிணறு போதும்.

பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டதில் தாத்தா கிணறு இப்போது பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிப்போய், மாஸ்கை மாட்டி, அதே இரவல் கேமராவைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டேன். நாற்பது படம் எடுத்தான். பெரும்பாலானதில் பச்சைத் தண்ணீரும் அவன் விரலும். ஒன்றில் மட்டும் ஒரு தவளையின் பின்னங்கால், பளிச்சென்று.