மணந்த பிறகு பார்ப்பதற்குப் பெயர் கண்காணிப்பு இல்லை

எங்கள் ஒழுங்கை முகப்பில் பெற்றோல் செட் ஒன்று வருகிறது. கிடங்கு வெட்டியாயிற்று, தாங்கி இன்னும் வந்திறங்கவில்லை. கிடங்கிலிருந்து மாமி வீட்டுக் கிணற்றுக்கு நடந்து பார்த்தேன், அறுபது காலடி. போன கிழமைக் கூட்டத்தில், "கசிந்தால் எப்படித் தெரியவரும்?" என்று கேட்டேன். "புதுத் தாங்கி, ரெண்டு சுவர், கசியாது" என்றார்கள். நான் கேட்டது அதையில்லை. பக்கத்திலிருந்த மாமி மெல்லச் சொன்னா: "மணந்தாத் தெரியும்தானே தம்பி."

மாமியில் பிழையில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் வந்ததைச் சனம் அப்படித்தான் கண்டுபிடித்தது. வாளியில் படலம், வாயில் எண்ணெய் மணம். அதற்குப் பிறகுதான் போத்தல்களோடு அதிகாரிகள் வந்தார்கள். நீர் வழங்கல் சபையின் பரிசோதனையில் பல கிணறுகளில் எண்ணெய், கிறீஸ் அளவு மீறியிருந்தது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்றது. நடுவில் நின்ற சனம் பவுசர் தண்ணீருக்கு வாளி அடுக்கியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய நோர்தேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆளுக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா. ஒரு கிணறு வெட்டக் காணுமா அது?

இரண்டு அறிக்கை இரண்டு விதமாகச் சொன்னதற்கு அரசியல் காரணம் பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அடியில் ஒரு சின்னக் காரணம் கிடக்கிறது: மின் நிலையம் ஓடத் தொடங்க முதல் அந்தக் கிணறுகளில் என்ன இருந்தது என்று காட்ட ஒழுங்கான பதிவு இல்லை. முன்னையது தெரியாமல் பின்னையதை எதோடு ஒப்பிடுவது?

சுன்னாகத்தால் எங்களுக்கு ஒரு பரிசோதனையின் பெயர் பாடமாகிவிட்டது. "எண்ணெய், கிறீஸ் பாத்தாச்சோ?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெற்றோல் செட் விடயத்தில் எனக்குப் பயம் அதில்தான். வழமையான முறையில் அந்தச் சோதனை என்ன செய்கிறது? தண்ணீரிலிருக்கும் எண்ணெயை ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சுவதை நிறுக்கிறது. கழிவெண்ணெய் மிஞ்சும். பெற்றோல் மிஞ்சாது. கரைப்பானோடு சேர்ந்து அதுவும் பறந்துவிடும். பெற்றோல் கலந்த தண்ணீருக்கு "பிரச்சினை இல்லை" என்று ஒரு தாள் கையில் வரும், நாங்களும் அதை நம்பிக் குடிப்போம்.

பெற்றோலில் தேடவேண்டியது பென்சீன், தொலுயீன் போன்றவற்றை. முக்கியமாகப் பென்சீன். அது புற்றுநோய் தருவது நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரில் பென்சீன் மணத்தை மூக்கு பிடிப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராமில். ஆயிரம் மடங்கு, மாமி! பெற்றோலில் மணக்கிற வேறு சாமான்களும் உண்டு, அவை முந்திக் காட்டிக்கொடுக்கலாம். அதை நம்பியா இருப்பது?

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேணும். கூரைத் தாங்கியிலிருந்து பிடித்த தண்ணீர் உதவாது, ஏறி விழுகிற வழியிலேயே பாதி பறந்திருக்கும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழியும் இல்லாமல் முட்ட நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சோடாப் போத்தலில் கொண்டுபோனால் அந்த முடிவை நம்ப முடியாது.

"ஒவ்வொரு நாளும் கோல் விட்டு அளந்து கணக்கு வைப்போம்" என்றும் கூட்டத்தில் சொன்னார்கள். நல்லது, வைக்கட்டும். தாங்கியில் மிஞ்சியதும் விற்றதும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் அது. அமெரிக்க விதியில் இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு: மாத விற்பனையில் 1 சதவீதமும் அதோடு 130 கலனும். அதைத் தாண்டினால்தான் கசிவென்று சந்தேகிக்க வேண்டும். மாதம் ஒரு இலட்சம் லீற்றர் விற்கிற செட்டில் அது கிட்டத்தட்ட 1,500 லீற்றர். அவ்வளவும் எங்கள் நிலத்துக்குள் போன பிறகும் கொப்பி சரியாகவே இருக்கும்.

ஆகவே கண்காணிப்புக் குழாய்க்கிணறு வேண்டும். தாங்கி வைக்கிறபோதே, தாங்கியைச் சுற்றி மூன்று நாலு. பெற்றோல் தண்ணீருக்கு மேலே மிதப்பது. குழாயின் துளைப்பகுதி மாரியில் ஏறுகிற நீர்மட்டத்துக்கும் ஆவணி, புரட்டாதியில் இறங்குகிற மட்டத்துக்கும் இடையை முழுக்க மூடவேண்டும். ஆழத்தில் மட்டும் துளை விட்டால் மேலே மிதப்பது உள்ளே வராது, வருடக்கணக்காகத் "தூய்மை" என்று பதிவாகும்.

அதுவும் எங்கள் நிலத்துக்குப் போதாது. இது சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கீழே தண்ணீர் வெடிப்புகளுக்குள்ளால் நினைத்த பக்கம் ஓடும் என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வளவுக்குள் நிற்கிற நாலு குழாயையும் விட்டுவிட்டு, நாலு வீடு தள்ளியுள்ள கிணற்றில் போய் அது ஏறலாம். அயல் கிணறுகளும் பட்டியலில் இருக்கவேண்டும், முடிவுகள் கந்தோர் அலுமாரிக்குள் போகாமல் பிரதேச சபைப் பலகையில் ஒட்டப்படவேண்டும்.

செட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 இல் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் படுத்தவன் நான்.

தாங்கி இறங்க முதல் மாமியின் கிணறு உட்பட ஆறு கிணறுகளில் மாதிரி எடுக்க நினைத்திருக்கிறோம். செலவை ஒழுங்கைக்காரர் பங்கு போடுவோம். எண்ணெய், கிறீஸ் இல்லை, பென்சீன். இலங்கையில் எந்த ஆய்வுகூடம் பொதுமக்களுக்கு இதைச் செய்து தரும், குப்பியை அவர்களே தருவார்களா, ஒரு மாதிரிக்கு எவ்வளவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிடங்கு வெட்டிப் பத்து நாளாகிறது.