சம்பளம் மட்டும்தான் காரணமா?

சம்பளம் எங்கே கூடுதலோ அங்கே இளைஞர்கள் போகிறார்கள் என்று, வேலைக்காக ஊர்விட்டு ஊர் போவது பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படியென்றால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஒரே தையல் லைனில் ஒடிசாவின் ஒரே வட்டாரத்துப் பையன்களாகவே இருக்கிறார்களே, அது எப்படி? முதலில் வந்தவன் ஊருக்குப் போன் போட்டு மச்சானை, பக்கத்து வீட்டுக்காரனை வரவழைக்கிறான். தங்க இடம், முதல் வாரச் சோறு, சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை, எல்லாம் அவன் பொறுப்பு.

கணக்கெடுப்பிலும் கோளாறு இருக்கிறது. 2011 சென்சஸ்படி நாட்டில் சுமார் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள், ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள். ஆளுக்கு ஒரு காரணம்தான் பதிவாகும் என்பதால், வந்த மறுமாதமே பனியன் கம்பெனியில் செக்கிங் (துணியில் குறை பார்க்கிற) வேலைக்குப் போகிற பெண்ணும் அங்கே 'திருமணம்' கணக்குதான்.

2016-17 பொருளாதார ஆய்வறிக்கை முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டுகளை வைத்து, மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் ஆண்டுக்கு 90 லட்சத்தை நெருங்குவதாகக் கணித்தது. நல்ல யோசனை. சரி, எங்கே என்பது தெரிந்துவிடும், ஏன் என்று டிக்கெட் சொல்லாதே. அதற்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் (வேலை நாளில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்) அந்த ஒடிசா பையன்களின் அறையில் உட்கார்ந்து, இந்தியில் இல்லை, ஒடியாவிலேயே கேட்க வேண்டும்: யார் கூப்பிட்டு வந்தாய், இதற்கு முன்னால் சூரத்தா கேரளாவா, அங்கிருந்து ஏன் கிளம்பினாய் என்று.