மாற்றி வைத்த கொழுப்பு முழுவதும் நிலைக்காது

மேலே ஒரு அக்கா, வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து ஒட்டிப்போன கன்னத்தில் வைத்தால் அது நம்முடைய சொந்தக் கொழுப்பு என்பதால் முழுவதும் அப்படியே ஆயுளுக்கும் நிற்கும், ஒரு தரம் செய்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை அக்கா. ஊசியால் வைக்கும் கொழுப்புக்கு முதல் சில நாள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, பக்கத்துத் திசுக்களிலிருந்து ஊறிவரும் ஒட்சிசனில்தான் அது பிழைக்க வேண்டும், அதனால்தான் துளித்துளியாகப் பரப்பி வைக்கிறார்கள். புது இரத்தக்குழாய் எட்டாத பகுதி இறந்து கரைந்துவிடும். எவ்வளவு மிஞ்சும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இரண்டாம் தரமும் தேவைப்படும். மிஞ்சியது நெடுங்காலம் இருக்கும், அது உண்மை.

முதல் வாரத்துக் கன்னம் பாதி வீக்கம், அந்தப் படத்தை நம்பாதீர்கள். யாரும் சரிபார்க்கலாம்: மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் ‘ஃபாட் கிராஃப்ட் ரிட்டென்ஷன்’ (fat graft retention, வைத்த கொழுப்பு எவ்வளவு நிற்கிறது என்பது) என்பதை ஆங்கில எழுத்தில் தேடினால் ஆய்வுச் சுருக்கங்கள் இலவசமாக வரும். இதைச் செய்யத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏற முதல், உங்களுக்குச் செய்யப்போகும் அதே வைத்தியர் முன்பு செய்தவர்களின் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள்.