ஒரு கமாவுக்கு நாலு தடவை அப்லோடா?

பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கிற அக்கா மகன் போன வாரம் கல்லிடைக்குறிச்சிக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றுவான், சேமிப்பான், கோப்பு ஏற்றுகிற ஃபைல்ஜில்லாவைத் திறந்து மும்பையில் இருக்கிற சர்வருக்கு ஏற்றுவான், அப்புறம் இன்னொரு ஜன்னலில் ஓட்டிப் பார்ப்பான். பிழை வரும். மறுபடியும் முதலிலிருந்து. விட்டுப்போன ஒரு கமாவுக்காக நாலு தடவை இப்படிச் செய்துவிட்டு, "மாமா, இந்த லேப்டாப் பத்தாது, அப்பாட்ட புதுசு கேக்கணும்" என்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தான் இந்த வருஷம் கார் நெல்லில் கண்ட காசே கொஞ்சம்தான். "ஏல, கோடு ஓடுறது அங்க. இங்க நீ தட்டச்சுதானே செய்யுதே?" என்றேன்.

விஎஸ் கோடு என்ற எடிட்டரில், தூரத்துக் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைக்கிற ரிமோட் எஸ்எஸ்எச் என்ற நீட்சி 2019-லிருந்தே இருக்கிறது. அதைப் போட்டு இணைத்தால், எடிட்டரின் பாதி வேலையைச் செய்கிற சின்ன நிரல் ஒன்று சர்வரில் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். கோப்புறை, பைதான், கட்டளை தட்டுகிற டெர்மினல், பிழை தேடுகிற டீபக்கர் எல்லாம் அங்கே உள்ளவைதான். கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் அங்கேயே சேமிப்பாகும். கீழே இடது மூலையில் எஸ்எஸ்எச் என்று சர்வர் பெயரோடு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சொந்த மெஷினில் ஓட்டுகிறோமா அங்கே ஓட்டுகிறோமா என்ற குழப்பம் அதிலேயே தீரும். பாஸ்வேர்டு வேண்டாம், அதற்குப் பதில் எஸ்எஸ்எச் சாவி (நாம் யாரென்று சர்வருக்குக் காட்டுகிற கோப்பு ஜோடி) உருவாக்கிப் போடுங்கள். ஒன்று, சர்வரில் 1 ஜிபி ராமாவது வேண்டும், 2 இருந்தால் நல்லது. அதற்கும் குறைவென்றால் ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் டிராம்ப் என்ற வசதி இருக்கிறது, சர்வரில் எதையும் நிறுவாமல் சாதாரண ஷெல்லை வைத்தே கோப்பைத் திறந்துவிடும்.

ஆனால் நம்ம ஊர்க்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது டிமக்ஸுக்காகத்தான், இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவிடுகிற நிரல் அது. ஆடிக் காற்றில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மோடம் அணைந்தால் இணைப்பு அறும், இணைப்பு அறுந்தால் அந்த டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் சேர்ந்து செத்துப்போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு மணி நேரம் ஓடிய வேலை ஒன்று எனக்கு அப்படித்தான் போனது, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. டிமக்ஸுக்குள் தொடங்கியிருந்தால் மும்பையில் அது பாட்டுக்கு ஓடியிருக்கும், கரண்ட் வந்ததும் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அவனுக்கு அரை மணி நேரத்தில் எல்லாம் போட்டுக்கொடுத்தேன். சாயங்காலம் டிமக்ஸுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டு லேப்டாப்பை மூடி பஸ் ஏறினான். பாளையங்கோட்டை போய் இறங்கியதும் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான்: "மாமா, இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு!"