சிமெண்ட் பூச்சு யேல் கல்லறையைக் காப்பாற்றாது
சென்னை பாரிமுனை சட்டக் கல்லூரி வளாகத்தில், மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட் யேலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மரும் அடக்கமான பழைய கல்லறை இருக்கிறது. அதைப் பழுதுபார்க்க ‘சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்தால் போதும்’ என்கிறது ஒரு கட்டுரை. அதுதான் ஆபத்தே. 1680களின் செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானம் அது; சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டபடி இருக்க வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். பாரிமுனையில் கடல்காற்று வேறு. உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லை மாவாக உதிர்க்கும். பார்த்தால் பளபளப்பு, தட்டினால் உள்ளே பொக்கு. இதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி: ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். மெல்லிசாக இரண்டு மூன்று கை பூசி, ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். கல்லறை விரிசலில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் சரியாகிவிடும் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொருவருக்கு: தண்டை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கே தழைக்கும். வேரைத் தோண்டி எடுத்து, விரிசலைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும்.