மாரடைப்ப மறைச்சு பாலிசி போடாதீங்க, போட சொல்ற ஏஜெண்டையும் நம்பாதீங்க

நான் ஒரு லைஃப் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நேத்து சாயங்காலம் குலசேகரம் பக்கத்துல ஒரு வீட்டுல பாலிசி பாண்ட, அதாவது பாலிசி பத்திரத்த, கொடுத்துட்டு வந்தேன். வெறும் 20 லட்ச ரூபா பாலிசி தான். ஆனா இந்த ஒரு பாண்டுக்காக பதினாறு மாசம் அலைஞ்சிருக்கோம், அதனால எழுதணும்னு தோணிச்சு, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. குறிப்பா நம்ம குமரி மாவட்டத்துல ஏஜெண்டா இருக்கிறவங்க கடைசி வரை படிங்க.

பாலிசி எடுத்தவருக்கு 44 வயசு. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விக்கிற சின்ன கடை, ரெண்டு பெண் பிள்ளைகள், வீட்டு லோன் ஒண்ணு, அது போக யாவாரிகளுக்கு கொடுக்க வேண்டிய கடன் வேற. ஒரு நாள் விடியக்காலம் நாலரை மணிக்கு நெஞ்சுல கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்குன்னு எழும்பியிருக்காரு, கேஸ் தான்னு நினைச்சு இஞ்சி தட்டிப்போட்டு கட்டன் சாயா குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருக்காரு, அப்புறம் வேர்த்து ஊத்தி, கார் பிடிச்சு திருவனந்தபுரம் கொண்டு போய், அங்க ஒரு ஸ்டெண்ட் வச்சு ஆள மீட்டு கொண்டு வந்தாங்க.

இதுல எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம் என்னன்னா, இவரு 36 வயசுல எங்கிட்ட 50 லட்சத்துக்கு டெர்ம் பாலிசி (ஆள் இறந்தா மட்டும் குடும்பத்துக்கு காசு வர்ற பாலிசி) எடுத்தவரு. மூணு வருஷம் கட்டினாரு. ரப்பர் விலை படுத்த நேரம் "அண்ணா, செத்தா தான கிடைக்கும், இப்போ பிழைக்க வழி பாக்கணும்ல"ன்னு நிறுத்திட்டாரு. நானும் ரெண்டு தடவ போன் பண்ணிட்டு விட்டுட்டேன். வீட்டுக்கு போய் அவரு வீட்டம்மாகிட்ட பேசியிருக்கணும். லேப்ஸ் ஆன, அதாவது பிரீமியம் கட்டாம நின்னு போன பாலிசிய 5 வருஷத்துக்குள்ள புதுப்பிக்கலாம், இவருக்கு அந்த டைம் இன்னும் பாக்கி இருந்துது. ஆனா புதுப்பிக்கிறதுக்கும் உடல்நிலை பத்தி எழுதி கொடுக்கணும், மாரடைப்புன்னு எழுதினதும் கம்பெனி முடியாதுன்னுட்டு. நல்லா இருந்தப்போ எடுத்த பாலிசி கையில இருந்து போனா அதே விலைக்கு திரும்ப வராது.

டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு மாசத்துல அவரு வீட்டம்மா என்ன கூப்பிட்டாங்க. போனேன். மஞ்ச கலர் பிளாஸ்டிக் கவர்ல எல்லா பேப்பரும் அடுக்கி வச்சிருந்தாங்க, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ சிடி, எக்கோ ரிப்போர்ட், மருந்து சீட்டு. நான் புது பாலிசி கேட்டு போடுற ப்ரப்போசல் ஃபார்ம எடுத்து ஒவ்வொரு கேள்வியா வாசிச்சிட்டு வாரேன், இருதய நோய் உண்டா, கடந்த 5 வருஷத்துல ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனதுண்டா அப்படின்னு வரும்ல, அந்த இடத்துல அவங்க விரல வச்சுட்டு மெதுவா கேட்டாங்க. "அண்ணா, இத எழுதாம விட்டா என்ன? வேற ஒருத்தரு இல்லன்னு போட்டு தாரேன்னு சொன்னாரு."

அந்த "வேற ஒருத்தரு" மேல தான் என் கோவம் முழுக்க. அவங்க மேல இல்ல. புருஷன் செத்து பிழைச்சு வந்த வீட்டுல பொம்பள வேற என்ன கேப்பாங்க.

அவங்ககிட்ட நான் கடற்கரை பக்கம் பாத்த ஒரு வீட்ட பத்தி சொன்னேன். அங்கேயும் இதே மாதிரி தான், மாரடைப்பு வந்தவரு, ஏஜெண்ட் எல்லா கேள்விக்கும் இல்ல இல்லன்னு டிக் போட்டு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு போனாரு. பதினாலு மாசத்துல ஆள் போயிட்டாரு. பாலிசி எடுத்து 3 வருஷத்துக்குள்ள இறந்தா கம்பெனி பெரும்பாலும் விசாரிக்கும், ஆள் விட்டு ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் வரைக்கும் எடுப்பாங்க. எடுத்தாங்க. பழைய இருதய நோயாளின்னு அட்மிஷன் ஷீட்டுலயே டாக்டர் எழுதியிருந்தாரு. கிளைம் தள்ளுபடி. கட்டின பிரீமியம் மட்டும் திரும்ப வந்துது. அந்த அம்மா என் கையில லெட்டர தந்து "இதுல என்ன எழுதியிருக்கு, வாசிச்சு சொல்லுங்க"ன்னு கேட்டப்போ எனக்கு வாய் வரல. டிக் போட்ட ஏஜெண்ட் அந்த பக்கமே வரல, கையெழுத்து இறந்தவரோடது தான, ஏஜெண்ட யாரு கேக்க முடியும்?

சில பேரு சட்டம் பேசுவாங்க. இன்சூரன்ஸ் சட்டம் 45ம் பிரிவு படி 3 வருஷம் தாண்டிட்டா எந்த காரணம் சொல்லியும் பாலிசிய கேள்வி கேக்க முடியாது, அதனால 3 வருஷத்த தாண்டிட்டா போதும்னு. பிரிவு உள்ளது தான், இந்த 3 வருஷ கணக்கு 2015 திருத்தத்துல வந்தது. ஆனா மாரடைப்பு வந்த மனுஷன் குடும்பத்துக்கு பாதுகாப்பு தேடுறதே அடுத்த ரெண்டு மூணு வருஷத்த நினைச்சு பயந்து தான. அந்த பயம் நிஜமாச்சுன்னா காசு வராதுன்னா எதுக்கு அந்த பாலிசி? இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, லேப்ஸ் ஆன பாலிசிய புதுப்பிச்சா அந்த 3 வருஷம் புதுப்பிச்ச தேதியில இருந்து திரும்பவும் எண்ணணும். இது பல ஏஜெண்டுக்கே தெரியாது.

செரி, நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றேன். முதல்ல காத்திருந்தோம். மாரடைப்பு வந்த ஆறு மாசத்துக்குள்ள அப்ளை பண்ணினா பெரும்பாலும் தள்ளி வைப்பாங்க, இல்லன்னா நேரா ரிஜெக்ட். அடுத்த ஃபார்ம்ல "முன்னாடி எந்த கம்பெனியாவது மறுத்ததா"ன்னு ஒரு கேள்வி வரும், அதனால அவசரப்பட்டு அஞ்சு கம்பெனியில போட்டு அஞ்சு மறுப்பு வாங்கி வைக்கக்கூடாது. இடையில சும்மா இருக்கவும் இல்ல. பேங்க்ல பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துல சேத்தோம், வருஷம் 436 ரூபா, இறந்தா 2 லட்சம் கிடைக்கும், 50 வயசு வரைக்கும் சேரலாம், மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. அவரு வீட்டம்மா பேருல தனியா ஒரு டெர்ம் பாலிசி போட்டோம், அவங்களும் கடையில கணக்கு பாத்து சம்பாதிக்கிறவங்க தான. அவரு பீடிய விட்டாரு. இத நான் பெரிய காரியமா சொல்றேன், ஏன்னா உடம்புல நிகோட்டின் இருக்கான்னு டெஸ்ட்லயே தெரிஞ்சிடும்.

ஒரு வருஷம் கழிச்சு புதுசா எக்கோ, டிஎம்டி (ட்ரெட்மில்ல நடக்க வச்சு எடுக்கிற இருதய டெஸ்ட்), சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் எடுத்தோம். இருதயம் பம்ப் பண்ற அளவு 54 சதவீதம் வந்துது, டாக்டர் நல்லா இருக்குன்னு எழுதியே கொடுத்தாரு. என்ன மாதிரி தனி ஏஜெண்ட் ஒரு லைஃப் கம்பெனிக்கு மட்டும் தான் வேலை பாக்க முடியும், எங்க கம்பெனி ஏற்கெனவே முடியாதுன்னுட்டு. அதனால நாகர்கோவில்ல புரோக்கரா இருக்கிற ஃபிரண்டுகிட்ட கூட்டிட்டு போனேன், அவங்க எல்லா கம்பெனிக்கும் பண்ணலாம். எனக்கு கமிஷன் போகும், போகட்டும். ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட்ட மட்டும் அனுப்பி, இந்த மாதிரி கேஸ பாப்பீங்களான்னு கேட்டோம். ஒரு கம்பெனி பதிலே சொல்லல. இன்னொண்ணு முடியாதுன்னு ஒத்த வரி. மூணாவது கம்பெனி எல்லா பேப்பரையும் கேட்டு வாங்கி, ப்ரப்போசல் போட சொல்லி, அவங்க டாக்டர வச்சும் டெஸ்ட் எடுத்து, நாங்க கேட்ட 50 லட்சத்துக்கு பதிலா 20 லட்சம் தாரோம், பிரீமியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, சம்மதமான்னு லெட்டர் அனுப்பிச்சு. சம்மதம்னு கையெழுத்து போட்டு கொடுத்தோம்.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, அது உங்க உரிமை. ஆனா எதனால முடியாது, எத்தன மாசம் கழிச்சு எந்த ரிப்போர்ட்டோட வந்தா திரும்ப பாப்பீங்கன்னு ரெண்டு வரி எழுதினா என்ன? அந்த ரெண்டு வரி இல்லாததால தான் ஜனங்க அடுத்த தடவ மறைக்க பாக்குறாங்க. உண்மைய சொன்னவனுக்கு கதவ அடைச்சா அவன் பின்வாசல தான் தேடுவான்.

கடன் உள்ளவருங்கிறதால பாலிசிய திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்கு கீழ போட்டோம், 1874ல வந்த சட்டம், அப்படி போட்டா அந்த பணம் பொண்டாட்டி பிள்ளைகளுக்கு தான், கடன்காரங்க தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே சொல்லிடணும், பின்னாடி மாத்த முடியாது.

நேத்து பாண்ட கொடுக்கும்போது அதோட வந்த ப்ரப்போசல் காப்பிய முழுக்க வாசிச்சு பாருங்க, தப்பு இருந்தா உடனே சொல்லணும், பிடிக்கலன்னா 30 நாளைக்குள்ள திருப்பியும் கொடுக்கலாம்னு சொன்னேன். அவரு வீட்டம்மா திண்ணையில லைட்ட போட்டு உக்காந்து ஒவ்வொரு வரியா விரல் வச்சு வாசிச்சாங்க. மாரடைப்பு கேள்விக்கு நேரா "ஆம்"னு இருந்தத வாசிச்சுட்டு தலையாட்டிட்டு அடுத்த வரிக்கு போனாங்க. கடைசி பக்கத்துல மூத்தவளோட இனிஷியல் மாறி இருந்துது, அத அவங்க தான் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு காலையில முதல் வேலையா அத திருத்த எழுதி கொடுத்துட்டு தான் இத டைப் பண்றேன்.