4 கிலோதானா என்று கேட்டவர்களுக்கு

எங்கள் அலுவலக எடைக் குறைப்புப் போட்டியின் முடிவில் எடுத்த அந்த மேடை வீடியோவை உங்களில் பலர் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டு இன்பாக்ஸில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. சிரிக்கிற எமோஜி போட்டவர்களும் இருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன். இதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "அடுத்த தடவையாவது கொஞ்சம் சீரியஸா முயற்சி பண்ணுங்க மேடம்" என்று அந்தப் பயிற்சியாளர் மைக்கில் சொன்ன வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

சீரியஸாக முயற்சி செய்ததால்தான் அந்த மேடை வரைக்கும் வந்தேன். 82 கிலோவில் ஆரம்பித்து 78-ல் முடித்தேன். அலுவலகப் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். மெஷினில் வந்த எண்ணை வாசித்தார்கள், கூட்டம் சிரித்தது, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இத்தனை மாதமாக என் உடம்புக்குள் நடந்த எதுவும் அந்த எண்ணில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

மூன்று மாத சுகர் என்று சொல்கிறோமே, ஹெச்பிஏ1சி, அது எனக்கு 6.3 இருந்தது. 5.7-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 6.5 வந்தால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். இப்போது 5.8. இது ஒரு நாள் பட்டினி கிடந்து குறைக்கிற எண் இல்லை. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை சொல்கிறது. முந்தின நாள் இரவு என்ன செய்தாலும் அதை மாற்ற முடியாது.

வெயிட் மெஷினை மாற்ற முடியும். கடைசி நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து ஏறியவர்கள் எங்கள் போட்டியிலேயே இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, விதி அப்படி வைத்தால் மனிதர்கள் அப்படித்தான் நடப்பார்கள். மாவுச்சத்தைச் சட்டென்று நிறுத்தினால் முதல் வாரத்திலேயே 1, 2 கிலோ போய்விடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்று ஒரு சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு தீரும்போது அந்தத் தண்ணீரும் போய்விடுகிறது. மெஷின் இறங்கும், கைதட்டல் கிடைக்கும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனக்குக் கைதட்டல் வேண்டாம். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

பிபி 146-க்கு 92 இருந்தது, இப்போது 128-க்கு 82. இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்திவிட்டார். ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 210-ல் இருந்து 150-க்குக் கீழே வந்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு 97 சென்டிமீட்டர், இப்போது 91. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்கிற கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் நேரடியாகக் கொண்டுபோகிறது. உடற்பயிற்சி செய்யும்போது அந்தக் கொழுப்பு கரையும், எடை பெரிதாக இறங்காதபோதும் கரையும். ஒரு இஞ்சுடேப்பு போதும் இதைக் கண்டுபிடிக்க. அந்தப் போட்டியில் யாராவது இஞ்சுடேப்பு கொண்டு வந்தார்களா?

அப்புறம் எந்த ரிப்போர்ட்டிலும் வராதவை. அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுபோனால் நான் கீழேயே காத்திருப்பேன். இப்போது நாலாவது மாடி வரைக்கும் பேசிக்கொண்டே ஏறுகிறேன். குறட்டை ஏறக்குறைய நின்றுவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். காலையில் எழும்போது தலை பாரமாக இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேஜைமேல் சாய வேண்டும்போல இருக்கிற அந்தச் சோர்வு போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எதையும் பிடிக்காமல் எழுகிறேன். முட்டி வலிக்குத் தைலம் தேய்ப்பதை விட்டுவிட்டேன். முட்டி விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு: 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். நான் குறைத்த 4 கிலோ என் முட்டிக்கு 16 கிலோ. ஒவ்வொரு அடிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இதைப் பார்த்தா சிரித்தார்கள்?

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் கல்லூரியில் இருந்தபோது அப்பா சட்டென்று இளைத்தார். தொப்பை போய்விட்டது, சட்டை தொளதொளவென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். "என்ன சார், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க, என்ன பண்றீங்க?" அப்பாவுக்கும் சந்தோஷம். அவர் எதுவுமே செய்யவில்லை. ராத்திரி அடிக்கடி எழுந்து பாத்ரூம் போவார், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது. கடைசியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, சர்க்கரை எங்கேயோ போய் நிற்கிறது என்று. உடம்பால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் தன் கொழுப்பையும் தசையையுமே கரைத்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் பாராட்டியது அந்த நோயை. அவரை எங்கள் போட்டியில் நிறுத்தியிருந்தால் முதல் பரிசு அவருக்குத்தான். கண்ணில் வந்த பாதிப்பு அவருக்குக் கடைசி வரைக்கும் சரியாகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மெஷினில் எண் குறைவது மட்டுமே ஆரோக்கியம் ஆகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி நீங்கள் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். "எடை குறையாதவர்கள் சொல்கிற சாக்கு இது." சாக்கு என்றால் ரிப்போர்ட்டுகள் ஏன் மாறின? சாக்கு சொன்னால் சர்க்கரை இறங்குமா? 2002-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு, சர்க்கரை நோய்த் தடுப்புக்காகவே நடத்தியது. நோயின் விளிம்பில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். சிலரிடம் உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்றார்கள். வெறும் 7 சதவீதம். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. இன்னொன்றையும் கேளுங்கள். முதல் வருடத்தில் எடை இலக்கைத் தொட முடியாதவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் நடைப்பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட 44 சதவீதம் குறைவாகவே நோய் வந்தது. எங்கள் மேடையில் அவர்கள் எல்லாரும் தோற்றவர்கள்.

காரணமும் எளிமையானதுதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்றாக இசைந்து கொடுக்கிறது. இதற்கெல்லாம் எடை இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என்னுடைய 82-ல் 4 என்பது கிட்டத்தட்ட 5 சதவீதம். 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, பிபி, ட்ரைகிளிசரைடு எல்லாம் முன்னேற ஆரம்பிக்கும், கல்லீரல் கொழுப்பும் குறையத் தொடங்கும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பலன் ஆரம்பிக்கிறது என்று சொல்லும் இடத்தில் நிற்கிறவளைப் பார்த்துத்தான் அந்தப் பயிற்சியாளர் முயற்சியே செய்யவில்லை என்கிறார்.

"அப்படியானால் எடை முக்கியமே இல்லையா?" முக்கியம்தான். நான் மறுக்கவில்லை. பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வில் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்த சர்க்கரை நோயாளிகளில் 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. முடிந்தவர்கள் குறையுங்கள், எனக்கு மகிழ்ச்சி. நானும் நிறுத்தப்போவதில்லை.

"போட்டி என்றால் ஏதாவது ஒரு எண் வேண்டாமா?" மேலே நான் எழுதிய எல்லாமே எண்தான்.

உயரத்தையும் எடையையும் வைத்துப் பிஎம்ஐ போட்டு, "நீங்கள் இன்னும் சிவப்புக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள்" என்று அட்டையும் கொடுத்தார்கள். அந்தச் சூத்திரத்தை 1830-களில் உருவாக்கியவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித, வானியல் அறிஞர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கூட்டத்தை அளந்து பார்த்தார், அவ்வளவுதான். ஒரு தனி மனிதரின் நோயைக் கண்டுபிடிக்க அவர் அதைப் போடவில்லை. அன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1972-ல்தான் அதற்குப் பிஎம்ஐ என்று பெயர் வைத்தார். 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ்க் குடும்பத்தின் நிபுணர் குழுவே பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் என்று முடிவு செய்யக் கூடாது, இடுப்பு அளவையும் உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் அட்டைக்கு மட்டும் அந்தச் செய்தி வரவில்லை.

"நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம் இருப்பவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். ஒரு கேள்வியாவது கேட்பார். "எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா, மாத்திரை குறைஞ்சதா?" இவ்வளவு கேட்டிருந்தால் போதும், நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்கவே இல்லை. குண்டாக இருக்கிற ஒருத்தியைப் பார்த்தவுடன் அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் அதிகம். எனக்கு இது பழக்கம்தான், ஆனாலும் வலிக்கிறது.

ஒருமுறை தோள்பட்டை வலி என்று டாக்டரிடம் போனேன். கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்." தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை என்கிறேன், அவர் என் வயிற்றைப் பார்க்கிறார். மாதக்கணக்கில் அந்த வலியோடு இருந்தேன். பிறகு வேறொரு டாக்டர் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு இறுகிப்போவது என்றார். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும், ரத்தம் பார்த்துவிடுவோம் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அப்போது வந்ததுதான் அந்த 6.3. முதல் டாக்டர் என் எடையைத் தாண்டி என்னைப் பார்த்திருந்தால் இது இன்னும் முன்பே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் என்னோடு போய்விட்டால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். என் மகளுக்குப் பதிமூன்று வயது. அந்த வீடியோ அவள் தோழியின் அம்மா மூலமாக அவளுக்கும் வந்துவிட்டது. "அம்மா, நீ நிஜமாவே சீரியஸா பண்ணலையா?" என்று கேட்டாள். விடியற்காலையில் நான் நடக்கக் கிளம்புவதைப் பார்த்தவள், பாதித் தூக்கத்தில் என் பின்னால் கதவைப் பூட்டியவள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஏனென்றால் மைக்கில் ஒருவர் சொல்லிவிட்டார். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் படித்தாள். அதற்கப்புறம் அவள் கேட்டதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது: "அப்போ எனக்கு எவ்வளவு வெயிட் இருக்கணும்மா?" வளர்கிற பிள்ளை. அன்று வரைக்கும் இந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. இதற்கு யார் பொறுப்பு ஏற்பார்கள்?

வெயிட் மெஷினை அன்றைக்கே வீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். எடை பார்க்க வேண்டியிருந்தால் டாக்டர் அறையில் பார்த்துக்கொள்கிறேன். போட்டி நடத்தியவர்களுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறேன்: அடுத்த முறை நடத்தினால் இடுப்பளவு, பிபி, மூன்று மாத சுகர், எத்தனை மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறார்கள் என்பதையும் ஆரம்பத்திலும் முடிவிலும் எடுங்கள், யாருடைய எண்ணையும் மேடையில் வாசிக்காதீர்கள் என்று. செய்தால் சேர்வேன். இல்லையென்றால் தனியாக நடப்பேன்.

இன்பாக்ஸில் "எனக்கும் எடை அசையவில்லை, விட்டுவிடலாமா" என்று கேட்டவர்களுக்கு: விடாதீர்கள். நடக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தால் போய் ரத்தம் பாருங்கள், இடுப்பை அளங்கள், பிபி பாருங்கள். ஆரம்பத்தில் எடுத்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எண்கள் நன்றாக வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எனக்கும் டாக்டர்தான் நிறுத்தினார்.